விரட்டுக் காப்பி

"காப்பியக் கொண்டா, ஸினேதா! அவன் அஞ்சு மணி பஸ்ஸப் பிடிக்கணும்!"

முன்னறையிலிருந்து புருஷன் ஷெஃபிக் போட்ட சத்தத்தில் அடுப்படி ஜன்னல் அதிர்ந்தது. ஸினேதா மேல்தட்டு, கீழ்தட்டு, ரொட்டிக் கூடை என்று ஒன்று விடாமல் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். காப்பிக்கொட்டை அரைக்கிற பித்தளை மில் இருக்கிறது. அதைச் சுற்றுகிற கைப்பிடியைத்தான் காணோம்.

விசோகோ ஊரில் வந்தவரை யாரும் வாயால் 'போ' என்று சொல்வதில்லை. வந்ததும் ஒரு காப்பி, பேச உட்கார்ந்ததும் ஒரு காப்பி, போதும் கிளம்பு என்பதற்கு ஒரு காப்பி. அந்தக் கடைசிக் காப்பிக்கு விரட்டுக் காப்பி என்றே பெயர். அது வருவதற்கு முன்னால் விருந்தாளி எழுந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு அவமானம். வந்த பிறகும் எழாவிட்டால் அந்த விருந்தாளிக்குச் சூடு சொரணை இல்லை.

இன்றைக்கு வந்திருக்கிற விருந்தாளி ஷெஃபிக்கின் கூடப்பிறந்த தம்பி முஹரெம். ஜெர்மனியில் கட்டட வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. அன்றோடு ஷெஃபிக் பேச்சை வெட்டிவிட்டான். தம்பி போன் செய்தாலும் எடுப்பதில்லை. இப்போது முஹரெம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான். இப்படியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பினால் இந்த வாசலை இனி மிதிக்க மாட்டான் என்று ஸினேதாவுக்குப் பயம்.

இரண்டு காப்பியும் ஆகிவிட்டது. அண்ணனும் தம்பியும் மழையைப் பற்றிப் பேசினார்கள், பிளம்ஸ் விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காலிக் கிண்ணங்களை முஹரெமே லேசாக நொண்டிக்கொண்டு அடுப்படிக்கு எடுத்து வந்தான்.

"இந்தக் காப்பிக்காகவே வரலாம் அண்ணி. அங்க மிஷின் துப்புறதக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு."

அவன் போனதும் ஷெஃபிக் உள்ளே வந்தான். அலமாரியில் தீப்பெட்டியைத் துழாவிக்கொண்டே, "மூணாவதப் போட்டுக் குடுத்துடு. கிளம்பட்டும்" என்றான்.

"ஒரு ராத்திரி தங்கினா குடியா முழுகிடும்?"

"பெத்த தாய்க்கு ஒரு பிடி மண்ணு போட வராதவனுக்கு இங்க படுக்கை கிடையாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஸினேதா மனசே இல்லாமல் கொட்டை டப்பாவைத் திறந்து, மில்லைக் கையில் எடுத்தபோதுதான் கைப்பிடி இல்லாதது தெரிந்தது.

"என்ன, காப்பித் தோட்டத்துக்கே போயிட்டியா?" மறுபடி ஷெஃபிக் கத்தினான்.

"மில்லுக் கைப்பிடியக் காணோங்க! பக்கத்து வீட்டு ஹைரியாகிட்ட ஒரு கரண்டி தூள் வாங்கிட்டு வரவா?"

"வந்தவன அனுப்புறதுக்கு இரவல் தூளா? ஊரே சிரிக்கும்! நல்லாத் தேடு!"

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கிண்ணம் வைக்கிற சாக்கில் வந்தானே முஹரெம்! இந்த வீட்டு வழக்கம் தெரியாதவனா அவன்? கள்ளப்பயல், சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ஸினேதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முக்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, தேடுகிற சத்தம் கேட்கட்டும் என்று இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினாள். காது முழுக்க முன்னறையில்தான் இருந்தது.

காப்பி வராமல் தம்பி எழ முடியாது. பேச மழையும் இல்லை, பிளம்ஸும் இல்லை.

"காலுக்கு என்ன?" என்றான் ஷெஃபிக், வேண்டாவெறுப்பாக.

"ஒண்ணுமில்ல. சாரத்துலேருந்து விழுந்துட்டேன்."

"எப்ப?"

"அது எதுக்கு இப்ப?"

"எப்படான்னு கேக்கறேன்ல?"

"அம்மா போறதுக்கு முந்தின வாரம்."

ஸினேதா இழுப்பறையை அப்படியே விட்டாள்.

"ஏன்டா சொல்லல?"

"மையத்து கிடக்கிற வீட்டுக்குப் போன் போட்டு, எனக்கு இடுப்பு உடைஞ்சிருச்சு, அதுக்கும் சேத்து அழுன்னு சொல்லச் சொல்றியா? எழுந்து உக்காந்தப்புறம் எத்தனை தடவ கூப்பிட்டேன்! நீ எடுத்தியாண்ணே?"

தெருமுனையில் அஞ்சு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் எழவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. யார் என்று ஸினேதா எட்டிப் பார்க்கவில்லை, அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

பிறகு ஷெஃபிக் அடுப்படியைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "ஸினேதா! உள் ரூம்ல தம்பிக்குப் படுக்கையப் போடு. வேற என்ன செய்யறது? காப்பி குடுக்காம ஒருத்தன அனுப்ப முடியுமா?"

கெட்டிக்காரன்தான் என் கொழுந்தன் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே அவள் உள் அறைக்குப் போனாள். கட்டிலின் மேல் ஷெஃபிக் சற்றுமுன் கழற்றிப் போட்ட கம்பளிக் கோட்டு கிடந்தது. மடித்து வைக்கலாம் என்று தூக்கினாள். ஒரு பக்கம் கனத்தது. பையில் கையை விட்டாள்.

ஷெஃபிக்கின் கைக்குட்டையில், சத்தம் வராதபடி பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது மில்லின் கைப்பிடி.

"என்ன, கைப்பிடி கிடைச்சுதா இல்லியா?" முன்னறையிலிருந்து ஷெஃபிக் அதட்டினான்.

ஸினேதா அதை அதே பையில் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு, "எங்கங்க கிடைக்குது!" என்று குரல் கொடுத்தாள்.