பனி கரைந்தால் நமக்கென்ன?

தனபால் கண்ணாடி டம்ளரை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

பேச ஆரம்பித்தபோது அதில் விளிம்புவரை தண்ணீர் இருந்தது, மேலே ஐஸ் கட்டிகள் மிதந்தன. இப்போது ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை.

“பாத்துக்குங்க. இதுக்குத்தானுங்க உலகமே முழுகிப்போயிருமுன்னு பயமுறுத்தறாங்க!”

அவிநாசி ரோட்டிலிருந்த அந்த அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது.

‘பனி கரைந்தால் நமக்கென்ன?’ என்பதுதான் விவாதத்தின் தலைப்பு. தனபாலுக்குப் பட்டிமன்ற மேடைகளில் பழுத்த நாக்கு. எதிர்த்துப் பேச வந்த லோகப்பிரியா கல்லூரியில் இயற்பியல் நடத்துபவள். மேடை அவளுக்குப் புதிது.

இரண்டாவது வரிசையில் அவளுடைய மாமியார் ராசாத்தாளும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மகன் கிருபாசங்கர் பார்த்த வேலையைப் பற்றி மருமகள் பேசப்போகிறாள் என்று கேள்விப்பட்டுத் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். விசேஷத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார்.

கிருபாசங்கர் ஆர்க்டிக் கடலில் பனியின் கனத்தை அளக்கப் போனவன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அங்கேயே உயிர் போனது. பெட்டியில்தான் ஊருக்கு வந்தான்.

லோகப்பிரியா தன் முறைக்கு எழுந்தாள்.

மிதக்கிற பனி கரைந்தால் கடல் மட்டம் உயராது என்பது உண்மைதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாள். ஆனால் வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அது போய்விட்டால் கறுத்த கடல் அத்தனை சூட்டையும் குடித்துக்கொள்ளும், அந்தச் சூடு அங்கேயே நிற்காது என்று நிதானமாக விளக்கினாள். செயற்கைக்கோள் படங்களைத் திரையில் ஓடவிட்டாள். வருஷத்துக்கு வருஷம் வெள்ளை சுருங்கிக்கொண்டே வந்தது.

முன் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின்னால் சிலர் காபி குடிக்க எழுந்து போனார்கள்.

மறுபடி தனபால் வந்தார். கிருபாசங்கரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

“அங்க போய் என்னத்தைங்க ஆராய்ச்சி பண்றாங்க? ஊர்க் காசுல குளுகுளுன்னு ஒரு டூரு. ஐஸ் மேல நின்னு போட்டோ புடிச்சுப்போட்டு வந்தர்றாங்க!”

அன்றைக்கு விழுந்த சிரிப்புகளிலேயே அதுதான் பெரியது. ராசாத்தாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

லோகப்பிரியா அதைப் பார்த்தாள்.

முடிவுரைக்கு மைக்கை வாங்கியபோது அவள் திரையை அணைக்கச் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரும் அப்படி டூர் போனவர்தானுங்க.”

சிரிப்பு நின்றது.

அவன் போயிருந்த மாதத்தில் வண்டியே போகும் அளவுக்குக் கடல் உறைந்திருக்கும் இடம் அது என்றாள். அந்த வருஷம் சரியாக உறைந்திருக்கவில்லை, மேலே பார்க்கத்தான் கெட்டியாகத் தெரிந்தது. பனி உடைந்து, பனியில் ஓட்டும் ஸ்கூட்டரோடு தண்ணீருக்குள் போனான். கூட வந்தவர்களின் கண்ணெதிரேதான் இருந்தான். அவர்கள் ஓர் அடி நெருங்கினால் காலடியில் பனி விரிசல் விட்டது. கயிறு வீசினார்கள். கயிறு அவன் மேலேயே விழுந்தது. விரல்கள் விறைத்துப்போனதால் அவனால் பிடிக்க முடியவில்லை. அது ஒரு நொடியில் முடிந்துவிடவில்லை என்றாள். நெடுநேரம் கத்திக்கொண்டிருந்தான் என்றாள்.

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காபிக்குப் போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள். இத்தனை பேரும் தன் குரலுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த ருசியை அவள் இதற்குமுன் அறிந்ததில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“கடைசி வரைக்கும் ஒரே வார்த்தையைத்தான் கத்துனாராம். அதுக்கு என்ன அர்த்தம்னு கூட இருந்த நார்வேக்காரர் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாருங்க.” கொஞ்சம் இடைவெளி விட்டாள். “‘ஆத்தா’ன்னு கத்தியிருக்காரு.”

முதலில் எழுந்து கைதட்டியவர் தனபால்தான். அவருக்குப் பின்னால் அரங்கமே எழுந்தது. தோற்றுப்போனதாக அவரே மைக்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவர் எழுதிவைத்திருந்த தீர்ப்பைப் படிக்கவே இல்லை, லோகப்பிரியாவின் பக்கம் கையை நீட்டினார், அவ்வளவுதான்.

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இத்தனை நேரம் படமும் விளக்கமும் காட்டிச் செய்ய முடியாததை ஒரு சொல் செய்துவிட்டது.

அதற்குள் யாரோ போய் நடுவரின் காதில் எதையோ சொன்னார்கள். அந்த வீரனைப் பெற்ற தாய் இதே அரங்கத்தில்தான் அமர்ந்திருக்கிறார் என்று அவர் அறிவித்தார்.

கைதட்டல் இன்னும் பலத்தது.

ராசாத்தாள் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண்கள் வந்து அவரைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். தனபால் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலே ராசாத்தாள் எல்லாப் பக்கமும் கும்பிட்டார்.

போட்டோக்காரர் மாமியாரையும் மருமகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார்.

ராசாத்தாள் நெருங்கி வந்தார். லோகப்பிரியாவின் கையைப் பற்றிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

“தூக்கத்துலயே உசுரு போயிருச்சு, அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னுதான அம்மணி என்கிட்ட சொன்னே?”