நஸ்ரினின் வாத்து

நஸ்ரினின் பள்ளிப் பையில் இருந்த நீல இன்ஹேலருக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. மூச்சுத் திணறும்போதெல்லாம் அவள் தேடுவது அதைத்தானே!

அதனால், அவள் அம்மாவின் செல்போனுக்குள், மூச்சுப் பயிற்சி விளையாட்டு ஒன்றில், ஒரு வாத்து குடிவந்ததும் இன்ஹேலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனோடு இணைத்த சிறு குழாயை வாயில் வைத்து நஸ்ரின் நிதானமாக மூச்சை இழுத்தால், வாத்து குளத்தில் நீந்தும். அவசரப்பட்டு இழுத்தால் குப்புறக் கவிழும்.

"வேலைவெட்டி இல்லாத பய. நான் மருந்து, தெரியுமா?" என்றது இன்ஹேலர்.

"தெரியும்ணே," என்ற வாத்து, தண்ணீரை உதறிவிட்டு மறுபடி கவிழ்ந்தது.

இன்ஹேலர் வெளியில் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. நஸ்ரின் பதறி இழுக்கிற வேகத்தில் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டுவிடும். நெஞ்சுக்குள் போய்ச் சேர்வது சொற்பம்தான்.

ஒருநாள் பள்ளி மைதானத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. உதடு வெளிறிப்போயிற்று. போனோ வீட்டில். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். குளத்தில் வாத்தை ஓட்டுகிற அதே நிதானத்தில், மெல்ல, நீளமாக இழுத்தாள். மருந்து எங்கும் முட்டாமல் நெஞ்சின் அடிவரை போனது. இழுப்பு அடங்கியது.

சாயங்காலம் இன்ஹேலரே வலியப் பேசியது. "தம்பி, இன்னிக்கு அவ உன்னை மைதானத்துல ஓட்டினா."

வாத்து திடுக்கிட்டது. "ஐயோ, கவுந்துட்டேனாண்ணே?"

"இல்லப்பா. கரை சேர்ந்துட்டே. என்னையும் முதுகுல ஏத்திக்கிட்டு."