ஊதாப் பூதத்தின் கண்கள்

எந்தக் கண்ணை முதலில் வரைந்தாள் என்று அக்காவுக்கு இப்போது சரியாக நினைவில்லை. நடுவிலிருந்த பெரிய கண் என்றுதான் நினைக்கிறாள்.

எலுமிச்சம்பழ அளவு பூதம் அது. உருண்டைத் தலை, அதைச் சுற்றிலும் கொம்புகள், ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரு கண். மேசையில் பொம்மைகளை நிறுத்திப் பகடை உருட்டி நண்பர்களோடு ஆடும் விளையாட்டுக்காகத் தம்பி வாங்கியது. ஊதா பூசி முடித்திருந்தான். கண்களைக் கடைசியில்தான் வரைய வேண்டும் என்பான். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்து அவன் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. பிறகு நண்பர்களை அவன் உள்ளே விடவில்லை. சாப்பாட்டையும் சரியாகத் தொடவில்லை.

ஒரு மதியம் அக்காவே தூரிகையை எடுத்தாள். வெள்ளைப் புள்ளி காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த தம்பி சிரித்தான்.

"அக்கா, மூக்குல பெயிண்ட்."

தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈரம்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"கீழேருந்து பாக்குறேன். மூக்கு ஓட்டை ரெண்டும் குகை மாதிரி இருக்கு."

கையிலிருந்த பூதம் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கண்ணில் தூரிகை வழுக்கி, கருவிழி ஓரமாக விலகிவிட்டது.

"அழிச்சிடாதக்கா, ஜன்னல் தெரியுது. மழை வர்ற மாதிரி இருக்கு, போய்த் துணிய எடு."

அவள் போய் எடுத்தாள்.

தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். நண்பர்கள் மறுபடி வருகிறார்கள். பூதம் அவன் சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பின்மண்டைக் கண்ணுக்கு மட்டும் அக்கா இன்னும் கருவிழி வைக்கவில்லை. அது அவன் நெஞ்சைப் பார்த்தபடி இருக்கிறது.