கிளிப்பிள்ளை

"அந்த டிரைவரை வேற டிப்போவுக்கு மாத்தச் சொல்லிடட்டுமாம்மா? இந்த லோடு இறங்கி முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு. சாயங்காலம் டிரான்ஸ்போர்ட்காரங்க வர்றாங்க, கையோட பேசி முடிச்சிடறேன்," என்றார் ஃபோர்மேன்.

அவள் தடித்த கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டிருந்தாள். "அவர் என்ன சார் பண்ணினார்?"

"என்ன பண்ணலைன்னு கேளு. மத்த டிரைவருங்ககிட்ட கெஞ்சிக் கூத்தாடி, உன் ஷிப்டுல வர்ற லோடா பார்த்து மாத்தி வாங்கிட்டு வர்றாராம். வந்தா வண்டியைப் பார்க்கறதில்லை, பிரஷர் கேஜைப் பார்க்கறதில்லை. உன்னையே பார்த்துக்கிட்டு நிக்கறார், இந்த வயசுல. ஆளுங்க ஒரு மாதிரி பேசறாங்கம்மா."

"பேசட்டும் சார்."

"கேன்டீன்ல வாய் ஓயாம கதையடிக்கிற மனுஷன். உன்கிட்ட வந்தா மட்டும் சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டுப் போறார். பசங்க கிளிப்பிள்ளைன்னு பேரே வச்சுட்டாங்க."

"திருப்பிச் சொல்றதுதானே சார் ரூல்?"

அது உண்மைதான். டேங்கரிலிருந்து தொட்டிக்குத் திரவ எரிவாயு இறங்கும் இடத்தில் பம்ப் இரைச்சல் காதை அடைக்கும். வார்த்தை தப்பினால் வால்வு தப்பும். அதனால் ஒருவர் வாக்கிடாக்கியில் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்லி, 'கேட்டுச்சு' என்று முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வால்வில் கை வைக்கலாம்.

"என் பொண்ணா இருந்தா இந்த வேலைக்கே விட்டிருக்க மாட்டேன்," என்று முணுமுணுத்தார் ஃபோர்மேன்.

"எங்க வீட்லயும் விடலை சார். நானாத்தான் வந்தேன்."

ஷீல்டை முகத்துக்கு இறக்கிக்கொண்டு நடந்தாள். சரி, வேண்டாம் என்ற இரண்டு பதிலும் நாக்கு நுனியில் இருந்தன. மாற்றிவிட்டால் நிம்மதிதான். வாரத்துக்கு இரண்டு தடவை அந்தப் பார்வைக்கு எதிரில் நின்று வேலை பார்ப்பது லேசான காரியமில்லை. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். இந்த இடத்தில் அவள் யாரிடமும் சொல்லாத காரணம் அது.

டேங்கரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டிரைவர் வழக்கம்போல் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அதை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும்.

"எர்த் ஒயர் மாட்டியாச்சு," என்றாள்.

"எர்த் ஒயர் மாட்டியாச்சு. கேட்டுச்சு."

"குழாயைக் குளிர வைக்கப் போறேன். மெதுவா."

"குளிர வைக்கப் போறே. மெதுவா. கேட்டுச்சு."

மெதுவாகத்தான் குளிர வைக்க வேண்டும். பனிக்கட்டியையே சூடு என்று சொல்லவைக்கும் திரவம் அது. வெயிலில் காய்ந்து கிடக்கிற குழாயில் ஒரேயடியாகத் திறந்துவிட்டால், உலோகம் சட்டென்று சுருங்கி இணைப்பு விட்டுப்போகும். முதலில் கொஞ்சம். அது பழகிய பிறகு இன்னும் கொஞ்சம். வெண்பனி குழாய்மேல் படர்ந்து அவளை நோக்கி ஊர்ந்து வந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தால் எது வேண்டுமானாலும் விட்டுப்போகும் என்பது இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

பாதி லோடு இறங்கியிருக்கும். நெற்றி வியர்வை கண்ணுக்குள் வழிந்து கரித்தது. இணைப்புக்கு எதிரிலேயே நின்றபடி ஷீல்டைத் தூக்கி, முழங்கையால் துடைத்தாள்.

சட்டென்று பம்ப் நின்றது. சைரன் ஒருமுறை கத்தி அடங்கியது.

"எதுக்கு நிறுத்தினீங்க?" வாக்கிடாக்கியில் ஃபோர்மேனின் குரல் சீறியது. நிறுத்த எல்லோருக்கும் உரிமை உண்டு. காரணம் மட்டும் சொல்லியாக வேண்டும்.

"மூஞ்சி," என்றார் டிரைவர். "மூஞ்சியில ஷீல்டு இல்லை."

அவள் முதலில் சொல்லாத ஒன்றை, இந்த இடத்தில் அவள் காதுபட அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஷீல்டை இறக்கிக்கொண்டாள்.

"ஷீல்டு இறக்கியாச்சு."

"ஷீல்டு இறக்கியாச்சு. கேட்டுச்சு."

பம்ப் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஃபோர்மேன் மூச்சிரைக்க வந்து நின்றார். "வியர்வை துடைச்சதுக்கு லோடை நிறுத்தற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். கண்கொத்திப் பாம்பாட்டம் பார்த்துக்கிட்டிருக்கார். போதும்மா, மாத்திடறேன்."

"வேண்டாம் சார். அவரே வரட்டும்."

"ஏம்மா?"

அவள் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோர்மேனும் விடுவதாக இல்லை. பதில் வாங்காமல் போகிறவர் இல்லை அவர். லோடு இறங்கி முடிந்து, குழாயைக் கழற்றி வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"வால்வு எல்லாம் மூடியாச்சு."

"வால்வு எல்லாம் மூடியாச்சு. கேட்டுச்சு."

"எர்த் ஒயர் கழட்டியாச்சு."

"எர்த் ஒயர் கழட்டியாச்சு. கேட்டுச்சு."

அதோடு சொல்ல வேண்டியது முடிந்தது. டிரைவர் கட்டையை எடுக்கக் குனிந்தார். அவள் ஃபோர்மேனை ஒருமுறை பார்த்துவிட்டு, வாக்கிடாக்கியை மறுபடி வாயருகில் கொண்டுபோனாள்.

"நான் நல்லா இருக்கேன்ப்பா."

குனிந்தவர் நிமிராமலே வாக்கிடாக்கியை எடுத்தார். மகள் இந்த கேட்டைத் தாண்டி வேலைக்குப் போனால் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருந்த அந்த மனிதர், ரூல் ரூல்தானே என்பதுபோல், "நல்லா இருக்கே," என்றார். "கேட்டுச்சு."