கூடம் கோணல்

"விலை கம்மியா, ஆனா உருப்படியா ஒரு எலக்ட்ரிக் கிட்டார் காட்டுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே அந்தம்மா கடைக்குள் வந்தார்.

கூட வந்த கணவர் உள்ளே வரவில்லை. இடது கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, துரை மாதிரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்கும்மா கிட்டார்?"

"அவருக்குத்தான். இந்தத் தடவையும் தப்பா வாங்கிட்டா, அப்புறம் ஜென்மத்துக்கும் தொட மாட்டார்."

நல்ல கூத்து! வாசிக்கப் போகிறவர் வாசலில் நிற்கிறார், வாங்க வந்தது மனைவி.

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமாம்மா?"

"சுட்டுப்போட்டாலும் வராது."

விளங்கினாற்போலத்தான் என்று நினைத்துக்கொண்டு, பளபளவென்று ஒரு சிவப்பு கிட்டாரை எடுத்து மேசையில் வைத்தேன். பன்னிரண்டு வருஷமாக கிட்டார் விற்கிறேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

அந்தம்மா நிறத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரின் கழுத்து ஓரமாகக் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

"குறுக்குக் கம்பி முனையெல்லாம் குத்துது."

அப்புறம் கைப்பையைத் திறந்து தீப்பெட்டி அகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டை எடுத்தார். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் கம்பிகள் மேல், மூன்று மூன்றாக அதை வைத்து அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் 'டக் டக்' என்று ஆடியது.

"ஏழாவது கம்பி தூக்கிட்டு நிக்குது. வேணாம். அடுத்தது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாசிக்கவே தெரியாதவர் என் சரக்கைக் குறை சொல்வதா?

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா" என்று கிட்டாரைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"ஆறாவதுல அமுக்கி வாசிச்சுப் பாருங்க."

வாசித்தேன். கொர்ர் என்று இரைந்தது.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் கடைக்காரனாகவே இல்லை, வேடிக்கை பார்ப்பவனாக இருந்தேன். ஒன்றில் தந்தியை முறுக்கும் சாவி லொடலொடத்தது. இன்னொன்றில் வயர் செருகுகிற ஓட்டை ஆடியது. மூன்று மடங்கு விலையுள்ள ஒன்றை ஆசையாக நீட்டினேன். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகினார். சர்ரென்று உள்ளே போனது!

"என்ன வேலை பண்றீங்கம்மா?" என் குரலில் தானாகவே மரியாதை வந்திருந்தது.

"பேரிங் கம்பெனியில தரம் பார்க்கிற வேலை. தலைமுடி கனத்துல பத்துல ஒரு பங்கு கூடிட்டாலும் தள்ளிடுவோம்."

மூலையில் பாசிப்பச்சை நிறத்தில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நிறத்தைப் பார்த்து வருஷக்கணக்காக யாரும் தொட்டதில்லை. விலையும் சல்லிசு. அதையும் தடவி, அழுத்தி, முறுக்கி, ஆட்டிப் பார்த்தார்.

"இதுதான் சார்."

ஆறு தந்தியிலும் ஒவ்வோர் இடமாக அமுக்கி வாசித்தேன். ஓர் இரைச்சலும் இல்லை. மணி மணியாகக் கேட்டது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"தெய்வமே! என் காதுக்குத் தெரியாதது உங்க விரலுக்குத் தெரியுதே! கத்துக்கிறவருக்காக இவ்வளவு மெனக்கெடணுமாம்மா?"

அந்தம்மா குரலைத் தாழ்த்தினார்.

"மெஷின்ல அவர் கை மாட்டிக்கிச்சு சார். ரெண்டு விரலை ஒட்டவெச்சாங்க. விரலுக்கு வேலை கொடுக்கணும்னார் டாக்டர். சின்ன வயசு ஆசைன்னு தானே போய் ஒரு கிட்டார் வாங்கிட்டு வந்தார். ராப்பகலா வாசிச்சார். எங்க வெச்சாலும் இரைச்சல். அந்தக் கடைக்கே போய்க் கேட்டிருக்கார். குறை கிட்டார்ல இல்ல, உங்க கையிலன்னு சொல்லி அனுப்பிட்டான் அந்த ஆளு. வந்து கட்டிலுக்கு அடியில தள்ளினவர்தான். அன்னையிலேர்ந்து கையை வெளியவே எடுக்கிறதில்ல. போன வாரம் நான் இந்த இரும்பை வெச்சுப் பார்த்தேன். கோளாறு கிட்டார்லதான்."

எனக்கு ரத்தம் கொதித்தது.

"அறிவுகெட்டவன்! அவனெல்லாம் ஒரு மனுஷனா? எந்தக் கடைம்மா? நானே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்!"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். சொல்ல மாட்டேங்கிறாரே! இவரை இந்தக் கடை வாசல் வரைக்கும் இழுத்துட்டு வர்றதுக்குள்ளேயே எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

"அது வேற ஊருக் கடைங்க" என்று முதல்முறையாகக் கணவரின் குரல் கேட்டது. எப்போது உள்ளே வந்தார் என்றே தெரியவில்லை.

"வாசிச்சுப் பாருங்க" என்று மனைவி பச்சை கிட்டாரை நீட்டினார்.

அவர் தயங்கித் தயங்கிப் பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்தார். தையல் தழும்போடு கோணியிருந்த இரண்டு விரல்கள் தந்தியை அமுக்கின. சுத்தமாக ஒரே ஒரு சுரம் எழுந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் அந்தக் கையையே பார்த்தேன்.

அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கை ஞாபகம் இருந்தது. நாலு மாசத்துக்கு முன் இதே மேசைமேல், ஒரு சிவப்பு கிட்டார் பக்கத்தில் இருந்த கை. அதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஆடத் தெரியாதவங்களுக்குத்தான் சார் கூடம் கோணல்!"

"அம்மா..." என்று ஆரம்பித்தேன். "அந்தக் கடைக்காரன் வேற யாரும்..."

"வேற ஊருக் கடைன்னு சொன்னேனே சார்" என்று அவர் அந்தக் கையாலேயே என் கையை அழுத்தினார். "நீங்க பில் போடுங்க."