பிழையாய்க் கேட்ட கேள்வி

சிவகௌரி பழைய டிவிடி ஒன்றைப் போட்டுவிட்டு, கணவர் விக்னராஜாவின் சக்கர நாற்காலியை ஒட்டி ஒரு கதிரையை இழுத்து உட்காருகிறாள். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. திரையில் அவருக்கு உயிரான அந்தக் காலத்து பிரித்தானிய விண்வெளித் தொடர் ஓடுகிறது. கதவை அடித்து மூடினால் விண்கலத்தின் அட்டைச் சுவரே ஆடுகிறது. இருட்டுக்குள் இருந்து வெள்ளி உடுப்புப் போட்ட வில்லன் இரும்புக் காலடி வைத்து நெருங்கி வருகிறான். யன்னலால் விழும் மெல்பேர்ன் மாலை வெயில் அவருடைய அசையாத வலக்கையில் கிடக்கிறது. இந்தத் தொடரை அவள் ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. ஆனால் கதையில் நல்லவன் கெட்டவனை மாற்றிச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அது தெரிந்துதான் வில்லனைக் காட்டிக் கேட்கிறாள்.

"உந்த வெள்ளி உடுப்புக்காரன் நல்லவன்தானே, என்னப்பா?"

 திரையில் காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது.

"பாத்தா நல்ல மனுசன் போலத்தான் கிடக்கு" என்று விடாமல் சொல்கிறாள்.

அவருடைய உதடு ஒரு பக்கமாக இழுபடுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது.

"இ... இல்லை."

அவள் திரும்பவில்லை, திரும்பினால் அழுதுவிடுவாள். திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, "அப்ப ஆரப்பா நல்லவன்?" என்று கேட்கிறாள்.