ஜானிஸ் எங்கே போகிறாள்?

"பாருங்க, மறுபடியும் கிளம்பிட்டா உங்க மக!"

தரைத்தளத்திலிருந்த தன் வீட்டு கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு உஷாராணி போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு பெர்னடெட் ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவள் மகள் ஜானிஸ் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டாள்.

எம்சிஓ ஊரடங்கு நேரம். மேரு ஊரில் அந்த அடுக்குமாடியே மூச்சடங்கிக் கிடந்தது. பக்கத்து புளோக்கில் ஆம்புலன்ஸ் வந்துபோன பயம் இன்னும் யாருக்கும் தெளியவில்லை.

"தினம் எங்க போறா? கோவிட்டை எங்க வீட்டுக்கும் கொண்டு வரவா?"

"அக்கா, நானே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"என்ன சொல்லப் போறீங்க? வயசுப் பொண்ணைக் கண்டிக்க வேணாமா? எங்க தாமரையும் அதே கிளாஸ்தானே! ரூமை விட்டு வெளிய வர்றதே இல்ல. ஒரு சத்தம் கிடையாது. சாப்பாட்டைக்கூட ரூம் வாசல்ல வெச்சா போதும். பிள்ளைன்னா அப்படி இருக்கணும் லா!"

பெர்னடெட்டின் முகம் வெளுத்தது. "அக்கா, கொஞ்சம் நின்னு கேளுங்க..."

உஷாராணி நிற்கவில்லை. எவனோ ஒரு பையன் பின்னால் காத்திருக்கிறான் என்று அவளுக்கு நிச்சயம். கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே போலீசுக்குப் போன் போட்டுவிட வேண்டியதுதான்.

பின்பக்கச் சந்தில் திரும்புவதற்குள் ஜானிஸின் குரல் கேட்டது. உஷாராணி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"சாப்பிட்டியா? பொய் சொல்லாதே லா."

ஏதோ முணுமுணுப்பு; உஷாராணிக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"நேத்து நீ பேசினதைக் கேட்டு நான் தூங்கவே இல்ல, தெரியுமா? எங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கோவிச்சுக்கோ, பரவால்ல. நாளைக்கும் இருப்பேன்னு சொல்லு. சொன்னாத்தான் போவேன்."

போனை இறுகப் பிடித்துக்கொண்டு உஷாராணி மெல்ல எட்டிப் பார்த்தாள்.

பையன் யாரும் இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் ஜானிஸ் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே ஒரு ஜன்னல். திரை இழுத்து மூடிய, உஷாராணியின் சொந்த வீட்டு ஜன்னல்.

உள்ளேயிருந்து ஒரு விசும்பல்.

"முடியல ஜானிஸ். எனக்கு வாழவே பிடிக்கல."

தாமரையின் குரல்.

உஷாராணி சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, ஜானிஸைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"உள்ள வாம்மா," என்றாள் கிசுகிசுப்பாக. "நானே கதவைத் திறந்து விடறேன். நீ வந்து அவகூடப் பேசும்மா."

ஜானிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வரேன் ஆன்டி. ஆனா முதல்ல நீங்க போங்க. உங்ககிட்ட சொல்லணும்னு அவ எத்தனையோ தடவை வாயெடுத்தாளாம். நீங்கதான், 'என் மக சமத்து'ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்களாம்."